மூக்கில் ஏறுவது எந்த மரம்? சேலம், ஏற்காடு மகரந்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். தை பிறந்ததும் தெருவில் தும்மல் தொடங்கும். கூடவே என் வீட்டு அழைப்பு மணியும். "டீச்சர், இது எந்த மரத்தோட வேலை?" ஒரே கேள்விக்குப் பத்துப் பேரிடம் பதில் சொல்லிச் சொல்லிக் கடைசியில் எழுதியே வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் சரி. மரத்தைப் பற்றி வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள்.

மகரந்தம்னா பூவுல ஒட்டியிருக்கிற மஞ்சப் பொடிதானே? அது எப்படி டீச்சர் என் மூக்கு வரைக்கும் வருது?

பொடி அதேதான். ஆனால் அதில் இரண்டு ஜாதி உண்டு. பூசணிப் பூவைத் தொட்டால் விரலில் மஞ்சளாக அப்பிக்கொள்கிறதே, அது வண்டுக்கும் தேனீக்கும் உரியது. கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் வெகுதூரம் போகாது. இன்னொரு ஜாதி காற்றை நம்பிப் பிழைப்பது. உலர்ந்து, லேசாக, கணக்கில்லாமல் கொட்டும். எங்கோ இருக்கிற பெண் பூவின் மேல் ஒன்று விழுந்தால் போதும் என்று லட்சக்கணக்கில் அனுப்புகிறது. மீதியில் கொஞ்சம் நம் மூக்குக்கு வருகிறது.

காற்றை நம்பும் மகரந்தம் பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், ஏறக்குறைய அதில் பாதிதான். காற்றுக்காகப் பூக்கிற மரத்துக்கு யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாததால் நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, இதழும் பெரிதாகக் கிடையாது. பூத்திருப்பதே தெரியாது. கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

எனக்கு இருக்கிறது சளியா, அலர்ஜியா?

காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்து, ஒரு வாரம் பத்து நாளில் தீர்ந்தால் சளி. காய்ச்சலே இல்லாமல் கண்ணும் மூக்கும் அண்ணமும் அரித்து, தண்ணீர் மாதிரி ஒழுகி, காலையில் அடுக்குத் தும்மல் போட்டு, வாரக்கணக்கில் இழுத்தால் அலர்ஜியாக இருக்கலாம். வருஷா வருஷம் அதே மாசத்தில் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. மூச்சு இளைத்தாலோ, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

எங்க வாசல்ல வேப்பமரம் பூத்துக் கொட்டுது. அதை வெட்டிட்டா சரியாயிடுமா?

வெட்டாதீர்கள். சித்திரை வந்தால் பச்சடிக்குப் பூ வேண்டாமா? வேம்பு பூச்சியை நம்புகிற மரம். மொட்டை மாடியில் வெள்ளையாகக் கொட்டிக் கிடப்பதால் பழி அதன் மேல் விழுகிறது. அதே மாதிரி பழி சுமக்கும் இன்னும் சிலர்: மே மாதத்துக் குல்மோஹர், சாலையோரத் தூங்குமூஞ்சி, மழைக்காலம் முடியும்போது தெருவையே மணக்க வைக்கும் ஏழிலைப்பாலை. ஏழிலைப்பாலையின் வாசனை சிலருக்குத் தலைவலியும் மூக்கடைப்பும் தரும். ஆனால் அது வாசனையின் எரிச்சல், மகரந்த அலர்ஜி வேறு.

மாமரத்தைப் பற்றிச் சேலத்தில் கேட்காமல் விடமாட்டார்கள். மாம்பூவுக்கு ஈயும் பூச்சியும்தான் தூது, மகரந்தமும் ஒட்டும் வகை. தோப்புக்குள்ளேயே வேலை செய்பவர்களுக்குத் தொந்தரவு வரலாம். நாலு தெரு தள்ளி இருக்கிறவர் மல்கோவாவைக் குறை சொல்வது அநியாயம்.

அப்போ சேலத்துல குற்றவாளி யார்தான்?

ஒருவர் இல்லை, ஒரு கும்பல். அதில் எனக்கு முதல் சந்தேகம் ஆயா மரத்தின் மேல். தை, மாசியில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது கிளையோடு ஒட்டிப் பழுப்புப் பச்சையில் பூக்கும். நிமிர்ந்து பார்க்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அது பூ என்று தெரியாது. ஜெய்ப்பூர், டெல்லி பக்கம் வசந்த காலத்து அலர்ஜிக்கு இந்த மரம் பேர்போனது.

அடுத்தது சீமைக் கருவேலம். ஏரிக்கரை, ரயில் பாதையோரம், காலி மனை, எங்கும் அதுதான். தேனீயும் வரும், ஆனால் காற்றிலும் ஏராளமாக ஏறுகிறது. அப்புறம் ஆமணக்கு. நம் மாவட்டத்தில் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, அந்த அளவுக்குப் பழகிய பயிர். ஒரு கதிரில் ஆண் பூ கீழே, பெண் பூ மேலே. ஆண் பூ வெடித்துத் தூளை மேல்நோக்கி வீசும். வயலில் மட்டும் என்று நினைக்காதீர்கள், சாக்கடையோரம் தானாக முளைத்து நிற்பதும் அதே வேலையைச் செய்கிறது. தென்னை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். சவுக்கு நட்ட இடங்களில் சவுக்கு. மரம் அல்லாத இரண்டு பேர் புல்லும் பார்த்தீனியமும். மழைக்குப் பிறகான தும்மலுக்கு இவர்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

இலவம் பஞ்சு பறக்கிறப்பதான் எனக்கு அதிகமாகுது. அதை எப்படி இல்லைன்னு சொல்வீங்க?

பஞ்சு விதையோடு வருவது. பூத்து, காய்த்து, காய் வெடித்த பிறகுதான் பஞ்சு. அப்போது மகரந்தத்தின் வேலை முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். எருக்கம் பஞ்சுக்கும் இதே பதில்தான். பஞ்சு பறக்கும் அதே வாரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வேறொன்று பறக்கிறது, அவ்வளவுதான்.

உங்க மாடியில என்னமோ கண்ணாடி வச்சுப் பாக்குறீங்களாமே, அதுல என்ன தெரியும்?

கண்ணாடித் துண்டில் வாஸலினை மெல்லிசாகத் தடவி, மழை படாத இடத்தில் ஒரு நாள் வைத்து எடுப்பேன். அப்புறம் ஒரு சொட்டுச் சாயம், மேலே மூடுகண்ணாடி, பழைய நுண்ணோக்கி. புல்லின் மகரந்தம் பந்து மாதிரி, ஒரே ஒரு ஓட்டையோடு. சவுக்கு முக்கோணம், மூலைக்கு ஒரு ஓட்டை. கீரைக் குடும்பத்தது கோல்ஃப் பந்து போல உடம்பெல்லாம் குழி. வேல மரத்து வகை தனியாக வராது, பதினாறு மணிகள் கூட்டாக ஒட்டிக்கொண்டு, சின்னக் கிரிக்கெட் பந்தைத் துண்டு போட்டுச் சேர்த்த மாதிரி இருக்கும்.

முதல் முறை பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். கண்ணாடியில் பாதி மகரந்தமே இல்லை. கரித்தூள், டயர் துணுக்கு, பூஞ்சை வித்து. அம்மாப்பேட்டையில் தறி ஓடும் தெருவில் இருக்கும் தோழி வீட்டு மாடியில் வைத்தபோது நூலிழை நூலிழையாகப் பருத்தி. மேக்னசைட் சுரங்கத்துப் பக்கம் வைத்தால் வெள்ளைக் கல் தூசி. "மகரந்த அலர்ஜி" என்று வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் தறிப் பஞ்சுதான் என்று நான் நினைப்பது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும்போது மூக்கும் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

போன வருஷம் ஒண்ணுமே இல்ல. இந்த வருஷம் உயிர் போகுது. மரம் அதே மரம்தானே டீச்சர்?

மரம் அதே மரம், வருஷம் வேறு. பூக்கிற மாசத்துக்கு முந்தைய பருவத்தில் மழை எப்படி என்பது பெரிய விஷயம். மழை போதுமாக இருந்தால் மரம் மொட்டு வைக்கும் தெம்போடு இருக்கும், புல்லும் பார்த்தீனியமும் கணக்கில்லாமல் முளைக்கும். மழை பொய்த்தால் எல்லாம் சுருங்கும். ஆனால் அதே மழை பூக்கிற வாரத்தில் வந்தால் தூளைக் கழுவித் தரையில் தள்ளிவிடும். முன்னால் பெய்தால் கூட்டும், நடுவில் பெய்தால் குறைக்கும். அதனால் "இந்த வருஷம் நல்ல மழை, தும்மல் எப்படி?" என்று மொட்டையாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எப்போது பெய்தது என்று சொல்லுங்கள்.

மரத்துக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. மாந்தோப்பு வைத்திருப்பவரைக் கேளுங்கள்: ஒரு வருஷம் வாரிக் கொடுத்தால் அடுத்த வருஷம் கையை மூடிக்கொள்ளும். ஆலிவ் போன்ற காற்று மரங்களிலும் இந்த விட்டு விட்டுப் பூக்கும் பழக்கம் உண்டு. இதோடு வெயில் சீக்கிரம் ஏறினால் பூப்பதும் முந்திக்கொள்ளும். மாசியில் வரவேண்டியது தையிலேயே வந்துவிட்டால், மாத்திரை வாங்குவதற்குள் பாதி முடிந்திருக்கும்.

இன்னொன்று, மாறியது நீங்களாகவும் இருக்கலாம். அலர்ஜி முதல் வருஷமே வருவதில்லை. உடம்பு பார்த்துப் பழகி, ஒரு நாள் எதிரி என்று முடிவு கட்டும். வீடு மாறியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

என் பொண்ணு அமெரிக்காவுல டூசான்ல இருக்கா. பாலைவனம்கிறாங்க. அங்கயும் மார்ச்சுல தும்மிக்கிட்டே இருக்கா. மரமே இல்லாத ஊர்ல எப்படி மரத்து மகரந்தம்?

இந்த வருஷம் எனக்கு வந்த கேள்விகளிலேயே இதுதான் பிடித்தது. டூசான் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. வருஷத்துக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழைதான், நமக்குப் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு. உலர்ந்த காற்று என்பதால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோயாளிகளும் ஆஸ்துமாக்காரர்களும் அங்கே போய்க் குடியேறினார்கள். போனவர்கள் சும்மா இருந்தார்களா? சொந்த ஊர் மாதிரி நிழல் வேண்டும், புல்வெளி வேண்டும் என்று மல்பெரியும் ஆலிவும் அருகம்புல்லும் வைத்தார்கள். தப்பி வந்த சங்கதியைத் தாங்களே தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள்.

மல்பெரி என்றதும் நம் பட்டுப்புழுத் தோட்டம் நினைவுக்கு வரும். நாம் இலைக்காக வெட்டி வெட்டிப் புதராக வைத்திருப்பதால் அது பெரிதாகப் பூப்பதில்லை. அங்கே வளர்ந்தது முழு மரம், அதிலும் பெரும்பாலும் ஆண் மரம். பழம் விழுந்தால் நடைபாதை கறைபடும், அதனால் "பழமில்லா மல்பெரி" கேட்டு வாங்கினார்கள். பனையில் ஆண், பெண் என்று நமக்குத் தெரியும்; நுங்கு தராத ஆண் பனை மட்டுமே தெருவெங்கும் நின்றால் என்ன கொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளை மல்பெரியின் ஆண் பூ மகரந்தத்தை வீசும் வேகம் ஒலியின் வேகத்தில் பாதிக்கு மேல் என்று அளந்திருக்கிறார்கள். உங்கள் மகள் மார்ச்சில் தும்முவதற்கு மல்பெரி ஒரு நல்ல சந்தேகம், ஏப்ரல், மே என்றால் ஆலிவ். எந்த மரம் என்பதைத் தோல் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும்.

அப்போ அங்கயும் வருஷத்துக்கு வருஷம் மாறுமா?

மாறும், ஆனால் இரண்டு தினுசாக. பாலைவனத்துக்கே சொந்தமான செடிகொடிகளும் மெஸ்கீட் மரமும் மழையைப் பார்த்து நடக்கும். மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம் சீமைக் கருவேலத்தின் ஒன்றுவிட்ட சொந்தம். அங்கே குளிர்கால மழை ஒன்று, ஜூலையிலிருந்து கோடை மழை ஒன்று. அந்தக் கோடை மழையை அவர்களும் மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். வசந்தத்தில் காட்டுச் செடிகள் எப்படிப் பூக்கும் என்பதைக் குளிர்கால மழை பெரிதும் தீர்மானிக்கும். வீட்டு முற்றத்து மல்பெரிக்கு அந்தக் கவலை இல்லை, குழாய்த் தண்ணீர் இருக்கிறதே. மழை பொய்த்த வருஷத்திலும் அது ஓரளவு பூத்துவிடும்.

அங்க அந்த மரத்தையெல்லாம் தடை பண்ணிட்டாங்கன்னு சொன்னா. நம்ம ஊர்லயும் சீமைக் கருவேலத்தை வெட்டினா தும்மல் போயிடுமா?

1980களின் நடுவில் டூசான் இருக்கும் பீமா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஆலிவ், மல்பெரி விற்பதற்குத் தடை வந்தது. சில வருஷம் கழித்து லாஸ் வேகஸ் பக்கமும் அதே மாதிரி. ஆனால் ஏற்கெனவே நின்ற மரத்தை வெட்டச் சொல்லவில்லை. மல்பெரி பல பத்தாண்டு நிற்கும் மரம். தடை போட்ட மறுவருஷம் எண்ணிப் பார்த்து "குறையவில்லையே" என்றால் எப்படி? கிழட்டு மரங்கள் ஒவ்வொன்றாகப் போகப் போகத்தான் தெரியும்.

இங்கே சீமைக் கருவேலத்தை எடுக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. தும்மலுக்காக மட்டும் என்றால் எடுத்த இடத்தில் அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு காலி மனையில் எந்திரம் வைத்துச் சுத்தமாக எடுத்தார்கள். அடுத்த மழைக்கு இடுப்பளவு பார்த்தீனியம். எனக்கு முன்பைவிட மோசம். கோனோகார்பஸ் கதை இதற்கு நேர் எதிர்: வளைகுடா நாட்டுப் பாலைவன நகரங்களில் பசுமைக்காக வரிசை வரிசையாக வைத்த மரத்தை நாமும் அழகென்று கொண்டுவந்து வைத்தோம். குஜராத் 2023இல் தடை செய்தது, தமிழ்நாடு 2025இல். சொன்ன காரணங்களில் மகரந்தமும் ஒன்று. வைக்கும் முன்பே கேட்பது வெட்டுவதைவிட லாபம்.

ரெண்டு மாசம் ஏற்காட்டுல போய் இருந்துட்டு வந்தா சரியாயிடுமா?

சிலருக்குச் சுகமாக இருக்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் மரங்களே மாறிவிடும். சமவெளியின் சீமைக் கருவேலமும் ஆமணக்கும் குறையும். காப்பித் தோட்ட நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆரஞ்சு நிறத்தில் பல் துலக்கும் பிரஷ் மாதிரிப் பூத்தால் பயப்பட வேண்டாம், அது தேன் குடிக்க வரும் பறவைகளுக்கானது. கோடை மழைக்குப் பிறகு ஒரே நாளில் வெள்ளையாக வெடிக்கும் காப்பிப் பூ அந்த மலையின் திருவிழா. அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக்கொள்ளும், ஊருக்கு அனுப்புவது கொஞ்சம்தான்.

ஆனால் மலையில் வேறு எதிரி உண்டு. பனிமூட்டமும் ஈரமும் இருக்கிற இடத்தில் பூஞ்சை இருக்கும். ஒரு டிசம்பரில் பழைய பங்களா ஒன்றில் தங்கினோம். அலமாரியிலிருந்து கம்பளியை உதறியதும் ஆரம்பித்தது, விடியும் வரை தூக்கமில்லை. மகரந்தம் தேடிப் போன எனக்குக் கம்பளி பாடம் எடுத்தது. போகிறவர்கள் வீட்டுப் போர்வையை எடுத்துக்கொண்டு போங்கள்.

மழை பெய்ஞ்சா தூள் அடங்கிடும்னு சொன்னீங்க. பின்ன முதல் இடி மழைக்கு என் பையனுக்கு வீசிங் வருதே?

அடங்கும் என்றது உண்மை, ஆனால் நல்ல மழை சிறிது நேரம் நின்று பெய்த பிறகு. இடி மழை வரும் முன் கிளம்பும் காற்று, கிடக்கிற தூளையெல்லாம் வாரித் தரைமட்டத்துக்குக் கொண்டுவரும். ஈரம் பட்ட மகரந்தம் உறிஞ்சி உப்பி வெடித்து நுண்துண்டாகும். முழு மணியை மூக்கே பிடித்துக்கொள்ளும். துண்டு நெஞ்சுக்குள் போய்விடும். 2016 நவம்பர் 21ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இப்படி ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அங்கே காரணம் புல் மகரந்தம். வீசிங் உள்ள பிள்ளையை இடி மழையின் முதல் அரை மணி நேரம் உள்ளேயே வைத்து, ஜன்னலைச் சாத்துங்கள். இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஏற்காட்டுத் தேன் தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டா அலர்ஜி போகும்கிறாங்களே?

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைத் திருப்பிப் படியுங்கள். தேனீ கொண்டுவருவது பெரும்பாலும் தேனீக்கான பூவின் தூள். உங்களைத் தும்ம வைப்பது காற்றுக்கான தூள். தேன் ருசிக்கு நல்லது.

ஜன்னல் சாத்தணுமா, மாஸ்க் போடணுமா, மாத்திரை போடணுமா?

மூன்றும், அளவோடு. பல மரங்கள் காலையில் வெயில் ஏறும்போது தூளை அவிழ்க்கும், அந்த நேரத்தில் படுக்கையறை ஜன்னலைச் சாத்தி வைக்கலாம். பூக்கும் வாரங்களில் தலையணை உறையை மாடிக் கொடியில் காயப்போடாதீர்கள். வெளியே போய் வந்தால் முகம் கழுவி, இரவில் தலையோடு குளித்துவிட்டுப் படுங்கள், தூள் முடியில் தங்கும். வண்டி ஓட்டும்போது மாஸ்க் நன்றாக உதவுகிறது. உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதென்றால் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்.

தூக்கம் வரும் பழைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். மூக்கு ஸ்பிரே தொடர்ந்து அடித்தால்தான் பலன். பருவம் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பிக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

செல்போன்ல 'இன்னிக்கு மகரந்தம் குறைவு'ன்னு காட்டுது. நான் தும்முறேன். எது உண்மை?

உங்கள் மூக்கு. செல்போனில் வருவது பெரும்பாலும் வானிலையையும் தாவரப் பரப்பையும் வைத்துக் கணினி போடும் கணிப்பு. யாரோ எண்ணிப் பார்த்துச் சொன்னதில்லை. எண்ணுவதற்கென்று ஒரு பொறி உண்டு, இங்கிலாந்தில் ஹர்ஸ்ட் என்பவர் 1952இல் வடிவமைத்தது. நாம் மூச்சு விடும் அளவுக்கு, நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும். உள்ளே ஒட்டும் நாடா சுற்றிய உருளை மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். எந்த மணி நேரத்தில் எது விழுந்தது என்று நாடாவிலேயே பதிவாகிவிடும். பிறகு ஒருவர் உட்கார்ந்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். என் வாஸலின் கண்ணாடிக்கு இந்தத் துல்லியம் கிடையாது. காற்றின் அளவு தெரியாததால் எது வந்தது என்று சொல்லலாம், கன மீட்டருக்கு எத்தனை என்று சொல்ல முடியாது.

கடைசியா ஒண்ணு டீச்சர். வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுதா, இல்ல நமக்குத்தான் அப்படித் தோணுதா?

வட அமெரிக்காவில் 1990 முதல் 2018 வரையிலான கணக்கைச் சேர்த்துப் பார்த்ததில் மகரந்தப் பருவம் சுமார் 20 நாள் முன்னதாகத் தொடங்கி நீண்டிருக்கிறது, அளவும் சுமார் 21 சதவீதம் கூடியிருக்கிறது. வெப்பம் கூடியது ஒரு முக்கியக் காரணம். அது அந்த ஊர்க் கணக்கு, அதை அப்படியே நம் சேலத்து அஸ்தம்பட்டிக்குக் கொண்டுவந்து ஒட்ட மாட்டேன்.

நம் மாவட்டத்திலேயே மேட்டூர் அணை இருக்கிறது. 1934இல் கட்டி முடித்தது. 120 அடி நிரம்பியதா என்று ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம். ஒரு வருஷம் நிரம்பி வழிவதாலோ, மறுவருஷம் மண் தெரிவதாலோ காவிரி கூடுகிறது குறைகிறது என்று யாரும் முடிவுகட்டுவதில்லை, நீண்ட பதிவைப் புரட்டுகிறோம். மகரந்தத்துக்கும் அப்படித்தான். அதிலும் ஒரு நாள் உச்சத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் வருஷமும் உண்டு, இரண்டு மாசம் மெதுவாகக் கசிந்து மொத்தத்தில் அதிகமாகும் வருஷமும் உண்டு. உங்களுக்கு எது கஷ்டம் என்பது உங்கள் மூக்கைப் பொறுத்தது.

என்னிடம் நான்கு வருஷத்துக் கண்ணாடிகள் இருக்கின்றன, தேதி எழுதி, பழைய மிட்டாய் டப்பாவில். நான்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தை மாசம் மாடியில் இன்னொன்று வைக்க வேண்டும். ஆயா மரம் உங்கள் தெருவில் எப்போது இலை உதிர்த்தது என்று தேதியோடு குறித்துச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.